சருகை வென்ற சான்றோர்

மாசி பிறந்தால் வேப்பமரம் தன் வேலையைத் தொடங்கிவிடும். பழுத்த இலையை எல்லாம் கொட்டும். பங்குனியில் கொழுந்து விடும். சித்திரை வருஷப் பிறப்பன்று பச்சடிக்குப் பூவும் கொடுக்கும். கடலூர் மாவட்டத்து வேப்பூர், விருத்தாசலம் வட்டாரத்தில் இந்த மரத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் மாசியும் பங்குனியும் வாசல் பெருக்குகிறவர்களுக்கு முதுகு நிமிராத மாதங்களாக இருந்தன. அது பழைய காலம். இப்போது காலை ஏழு மணிக்கு மேல் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு வந்து பாருங்கள், தெருவில் ஒரு சருகு கிடக்காது. இத்தனைக்கும் சருகை ஏற்றிப் போக வண்டி எதுவும் கிடையாது. ஏற்றிப் போகும் வண்டி இல்லாமலே தெருவைத் துடைத்து வைத்திருக்கும் சாதனையாளர்கள் எங்கள் மண்ணில் வாழ்கிறார்கள். பத்திரிகைகள் இவர்களைக் கண்டுகொள்ளவில்லை, விருதுக் குழுக்களும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதல் மரியாதை குப்பை வண்டிக்கு. எந்த ஊர் வண்டி, எந்த அலுவலகத்தின் வண்டி என்று சொல்லமாட்டேன். அடக்கமானவர்கள், பெயர் சொல்லிப் புகழ்ந்தால் கூச்சப்படுவார்கள். வண்டி புதிதாக வந்தபோது அதற்கு நல்லது கெட்டது தெரியாது. வாழைச் சருகு, தென்னை மட்டை, முருங்கைக் கொம்பு, செம்பருத்தி கழித்த குச்சி, உரச்சாக்கில் திணித்த வேப்பஞ்சருகு என்று கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும் வெகுளியாக இருந்தது. பிறகு மெல்ல மெல்லப் பக்குவம் வந்தது. தினமும் வந்துகொண்டிருந்தது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று. முதலில் தென்னை மட்டையை வேண்டாம் என்றது. அடுத்து கிளை, குச்சி. கடைசியில் சருகு. இப்படி ஒவ்வொன்றாக ஆசையை அறுத்து, இன்று சமையலறைக் கழிவையும் பிளாஸ்டிக்கையும் மட்டும் ஏற்றுக்கொள்ளும் துறவு நிலைக்கு உயர்ந்திருக்கிறது.

குப்பையில் இரண்டே வகை என்று நமக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள்: மக்கும் குப்பை, மக்காத குப்பை. சுவரெல்லாம் எழுதியிருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் பேச்சுப் போட்டியில் ஒப்பிக்கிறார்கள். ஆனால் மக்குவதையே பிறவிப் பயனாகக் கொண்ட சருகுக்கு இரண்டு கூடையிலும் இடமில்லை. இதில் ஒரு நுட்பமான நியாயம் இருக்கிறது. சருகுக்குக் கனமில்லை, ஆனால் இடத்தை அடைக்கும். நாலு வீட்டுச் சருகை ஏற்றினால் வண்டி நிரம்பிவிடும். தராசில் வைத்தால் முள் அசையாது. குப்பைக் கணக்கோ கிலோவிலும் டன்னிலும் எழுதப்படுகிறது. காற்றை ஏற்றிக்கொண்டு கணக்கைக் கெடுத்துக்கொள்ள எந்த நிர்வாகம்தான் விரும்பும்?

வண்டியோடு வரும் தூய்மைக் காவலர் அம்மாளிடம் தெருவில் ஒருவர் கேட்டுப் பார்த்தார்.

“ஏம்மா, இந்த ஒரு சாக்க மட்டும் போட்டுக்கக் கூடாதா?”

“தழை ஏத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கண்ணா. கொட்டுற எடத்துல எடமே இல்லையாம். நீங்களே எங்கயாச்சும் பாத்துக்கங்க.”

அந்த அம்மாளைக் குறைசொல்ல நாக்கு வராது. ஊராட்சிகளில் 150 வீட்டுக்கு ஒரு தூய்மைக் காவலர் என்பது கணக்கு. மாதச் சம்பளம் 3,600 ரூபாயாக இருந்து, 5,000 ரூபாயாக உயர்ந்தது. வகுத்துப் பாருங்கள். ஒரு வீட்டுக் குப்பையை வாசலில் வந்து வாங்கி, பிரித்து, தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்க, நாளொன்றுக்கு ஒரு ரூபாயும் சில பைசாவும். ஒரு ரூபாய்க்குக் கடையில் ஒரு மிட்டாய் கிடைப்பதே கஷ்டமான காலத்தில், ஊரையே சுத்தமாக வைத்துக்கொள்ளும் வித்தையைக் கண்டுபிடித்த நிதி நிபுணர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அந்த ஒரு ரூபாய்க்குள் சருகையும் சேர்த்துக் கேட்பது நமது பேராசை. அந்த அம்மாள் மறுத்தது தழையை அல்ல, நம் பேராசையை.

இரண்டாவது மரியாதை சட்டம் எழுதியவர்களுக்கு. திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 ஏப்ரலில் வெளிவந்தன. நகரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்றாலும், தோட்டத்துச் சருகை அவை மறந்துவிடவில்லை. மறக்காததோடு தனியாக ஒரு பிரிவே ஒதுக்கியிருந்தார்கள். தோட்டக் கழிவை அவரவர் தம் வளாகத்திலேயே தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்பு அவ்வப்போது தரும் உத்தரவுப்படி அப்புறப்படுத்த வேண்டும். எவ்வளவு தெளிவு! நம் மக்கள் முதல் பாதியை உடனே நிறைவேற்றினார்கள். இரண்டு சென்ட் மனையில், படிக்கட்டுக்குக் கீழே, மொட்டைமாடியில், மோட்டார் கொட்டகையில் என்று வளாகத்தைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்தார்கள். இரண்டாம் பாதியான உத்தரவுக்குத்தான் காத்திருக்கிறார்கள். மூட்டைக்குள் பாம்பு குடியேறிவிட்டதாகச் சிலர் புலம்புகிறார்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறவர்களுக்குத் துணையாக ஒரு ஜீவன் வந்தால் அதைப் பெரிதுபடுத்தக் கூடாது.

2022-இல் நகரங்களின் தூய்மைக்கென்று மக்கள் இயக்கம் தொடங்கியபோது, ‘என் குப்பை, என் பொறுப்பு’ என்ற முழக்கம் வந்தது. நாலே சொற்களில் அரசாங்கம், வண்டி, உரக்கிடங்கு, ஒப்பந்ததாரர் எல்லாரையும் விடுதலை செய்த முழக்கம் இதுவாகத்தான் இருக்கும். வரி ரசீதின் மேலேயே இதை அச்சடித்துக் கொடுத்தால், வாங்கிய பணம் எதற்கு என்று யாரும் கேட்டுத் தொல்லை செய்யமாட்டார்கள்.

இனி, களத்தில் இறங்கிப் போராடும் வீரர்களிடம் வருவோம். இவர்களில் தலையானவர் தீப்பெட்டி வைத்திருப்பவர். விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். நெய்வேலிக் களிமண்ணைக் குழைத்து, வார்த்து, சூளையில் சுட்டால் அகல்விளக்கும் பொம்மையும் ஜாடியும் பிறக்கின்றன. நெருப்பில் வெந்தால் மண்ணே இப்படி உயர்ந்துவிடும் என்றால் சருகு எப்படியெல்லாம் உயரும் என்று ஆராய்வது இந்த வட்டாரத்தின் இயல்பு. ஆராய்ச்சி அன்றாடம் நடக்கிறது. வாசலைக் கூட்டி, சருகைக் குவித்து, கைக்கு எட்டிய ஷாம்பு உறையையும் பால் பாக்கெட்டையும் மேலே தூவி, ஒரு குச்சியைக் கிழித்துப் போடுவார்கள். வெறும் சருகு எரிந்தால் வாசனை சப்பென்று இருக்கும் என்ற கலையுணர்வு அது.

இவர்கள் தேர்ந்தெடுக்கும் நேரத்தைப் பாருங்கள். விடியற்காலை. அந்நேரம் காற்று அசையாது. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடக்கும். நண்பகலில் கொளுத்தினால் புகை மேலே ஏறிக் கலைந்து வீணாகிவிடும். அதிகாலையில் கொளுத்தினால் ஒரு பொட்டுப் புகை வீணாகாமல் தெருவிலுள்ள அத்தனை மூக்குக்கும் சமமாகப் பங்கிடப்படும். தொட்டில் குழந்தைக்கும், இழுப்பு வந்த தாத்தாவுக்கும், நடைப்பயிற்சி போகும் வாத்தியாருக்கும் பாரபட்சம் கிடையாது. ரேஷன் கடையில்கூட இவ்வளவு நேர்மையான விநியோகத்தை நான் பார்த்ததில்லை. யாராவது இருமிக்கொண்டே வந்து கேட்டால், “வேப்பஞ்சருகுப் பொகைங்க, கொசு வராது” என்று பதில் வரும். உண்மைதான். கொசுவுக்கு நுரையீரல் பற்றிய அக்கறை நம்மைவிட அதிகம்.

இந்தத் திறமையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. குப்பையைத் திறந்தவெளியில் கொளுத்தினால் 5,000 ரூபாய், மொத்தமாகக் கொளுத்தினால் 25,000 ரூபாய் என்று 2016 டிசம்பரில் உத்தரவு போட்டது. தெருக் கூட்டும்போது சேரும் இலையைக் கொளுத்தக் கூடாது, தனியாகச் சேர்த்து ஒப்படைக்க வேண்டும் என்று அதே ஆண்டு விதிகளும் சொல்லியிருந்தன. எங்கள் பக்கத்தில் இந்த அபராதம் கட்டிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அவ்வளவு ஒழுங்கு. ஒரு குவியல் சருகைக் கொளுத்துவதற்கான தண்டமும், அந்தக் குவியலை அள்ள வேண்டியவருடைய முழு மாதச் சம்பளமும் ஒரே தொகை என்பதையும் கவனியுங்கள். அபராதத்தை ஒழுங்காக வசூலித்திருந்தால் ஒவ்வொரு தெருவுக்கும் இன்னொரு தூய்மைக் காவலரை வைத்திருக்கலாம். அப்புறம் சருகெல்லாம் முறையாக அள்ளப்பட்டு, கொளுத்துகிற கலையே அழிந்துபோயிருக்கும். கலையைக் காப்பாற்றியவர்கள் வசூலிக்காத அதிகாரிகள். அவர்களுக்கும் ஒரு கும்பிடு.

புகையின் பெருமையைத் தலைநகரமும் ஒருமுறை அறிந்தது. 2018 ஜனவரி 13, போகிப் பண்டிகையன்று, சென்னையில் பழையன கழித்த புகையும் பனியும் கூடிக்கொண்டதில் விமானங்கள் இறங்க இடம் தெரியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அது வருஷத்துக்கு ஒருநாள் கூத்து. எங்கள் ஊர்களில் விமானம் இறங்காததால் இந்தத் தினசரிப் போகியைச் செய்தியாக்க யாரும் இல்லை. நான்குவழிச் சாலையில் போகிற பஸ்காரர்கள் மட்டும் முன்விளக்கைப் போட்டு மரியாதை செய்துவிட்டுப் போகிறார்கள்.

நெருப்பில் நம்பிக்கை இல்லாதவர்கள் நீரை நாடுகிறார்கள். இது பக்தி மார்க்கம். திருமுதுகுன்றம் என்ற பழைய பெயருள்ள விருத்தாசலத்தில் சுந்தரர் பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது புராணம். அந்த மரபை விடாமல் காப்பவர்கள் எங்கள் மக்கள். வெட்டிய கிளையையும் கட்டிய சருகு மூட்டையையும் வாய்க்காலில் போடுகிறார்கள். ஐப்பசி மழையில் அது ஏரி மதகடியில் கிடைக்கிறது. சுந்தரராவது பொன்னைத் தேடிப் போக வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சிரமமும் இல்லை. மதகு அடைத்துக்கொண்டு, தண்ணீர் தெருவுக்கு ஏறி, போட்டவர் வீட்டு வாசலுக்கே மூட்டையைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. சுந்தரர் காலத்தில் இந்த வசதி கிடையாது.

நெருப்பும் வேண்டாம், நீரும் வேண்டாம் என்கிற நடுநிலையாளர்களுக்குக் காலி மனை இருக்கிறது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உரிமையாளர்கள் மனையை வாங்கிப் போட்டுவிட்டு ஊர்ப்பக்கம் வருவதில்லை. அவர்கள் திரும்பி வரும்போது வெறுந்தரையைக் கண்டு மனம் உடையக் கூடாதே என்று, தெருக்காரர்கள் ஆளுக்கொரு கூடை கொட்டி நிரப்பி வைக்கிறார்கள். மதில் மேலே கையை உயர்த்தி அடுத்த வீட்டுக் கொல்லைக்குத் தள்ளிவிடும் வித்தகர்களும் உண்டு. அவர்கள் நியாயம் எளிமையானது: கிளை அங்கிருந்து இங்கே நீண்டது, இலை இங்கிருந்து அங்கே போகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் சில இருக்கின்றன. பேச்சு நின்றதால் தெரு அமைதியாகவும் இருக்கிறது.

ஆனாலும் இவர்களெல்லாரும் நோயின் அறிகுறிக்கு மருந்து போடுகிறவர்கள். வேரிலே கைவைத்தவர்கள் வேறு. முற்றம் இருந்தால்தானே சருகு விழும் என்று கண்டுபிடித்து, முற்றத்தைச் சிமெண்டால் மூடினார்கள். சிமெண்டில் விழுந்த இலைதான் முன்னைவிட அதிகமாகக் கண்ணை உறுத்தியது. மண்ணில் விழுந்தால் தானாகப் போய்ச் சேர்ந்திருக்கும். சிமெண்டில் அதற்குப் போக்கிடம் இல்லை. உடனே பேவர் பிளாக் போட்டார்கள். அதன் இடுக்கிலும் இலை சிக்கியது. அப்போதுதான் குற்றவாளி யாரென்று புரிந்தது. மரத்தை வெட்டினார்கள். இப்போது சருகுப் பிரச்சினை அடியோடு தீர்ந்தது. பங்குனி வெயிலில் ஓட்டு வீட்டுக்காரரும் ஏசி வாங்க வேண்டியதாயிற்று என்பதும், மின்கட்டணம் ஏறியதும், மழைத் தண்ணீர் இறங்க இடமில்லாமல் கொல்லைக் கிணறு வற்றியதும் சின்னச் சின்ன விஷயங்கள். மரம் நின்ற இடத்தில் அழகான பீங்கான் தொட்டி வைத்து, அதில் பிளாஸ்டிக் செடி நட்டிருக்கிறார்கள். வருஷம் முழுக்க ஒரு இலை உதிர்வதில்லை. வாரம் ஒருமுறை துணியால் துடைத்தால் போதும்.

மரம் விஷயத்தில் மனிதன் மெதுவாகச் செய்ததை இயற்கை ஒரே ராத்திரியில் செய்துகாட்டியதும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல், கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட மரங்கள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்து அந்தக் காலத்து மனிதர்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். இனிமேல் இலை கொட்டாதே என்று ஆறுதல் சொல்ல அப்போது யாருக்கும் தோன்றவில்லை. நாம் அன்று இவ்வளவு முன்னேறவில்லை.

பின்தங்கியவர்கள் என்று சொல்ல வேண்டுமானால் நம் பாட்டன் பாட்டிமாரைத்தான் சொல்ல வேண்டும். அவர்களுடைய அறியாமைக்கு அளவே இல்லை. கொல்லையில் ஒரு எருக்குழி வெட்டி வைத்திருந்தார்கள். வாசல் கூட்டிய சருகு, மாட்டுக் கொட்டில் சாணம், அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல் எல்லாவற்றையும் அதிலேயே கொட்டினார்கள். சருகில் கரிச்சத்து மிகுதி, தழைச்சத்து குறைவு. தனியாகக் கிடந்தால் மக்க வெகுகாலம் ஆகும். சாணமோ ஈரக் கழிவோ சேர்ந்தால் சீக்கிரம் மக்கும் என்றெல்லாம் அவர்கள் படித்ததில்லை. படிக்காமலே சரியாகச் செய்தார்கள் என்பதுதான் அவர்கள் செய்த தவறு. சித்திரை வெயிலில் குழியை வெட்டி, வண்டியில் ஏற்றி, வயலில் அடித்தார்கள். தென்னை மட்டை விழுந்தால் கீற்று முடைந்தார்கள்; ஈர்க்கை உருவித் துடைப்பம் கட்டினார்கள்; அடிமட்டையை அடுப்பில் வைத்தார்கள். வேப்பிலையைக் காயவைத்துத் தானியக் குதிரில் போட்டுப் பூச்சியை விரட்டினார்கள். இப்படியே போயிருந்தால் குப்பை என்ற ஒன்றே நாட்டில் இருந்திருக்காது. பிறகு குப்பைக்கு ஏது துறை, ஏது திட்டம், ஏது ஒப்பந்தம்?

ஆடுகளும் அந்தக் காலத்து ஆட்கள்தான். வேப்பூரில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் ஆட்டுச் சந்தை தமிழ்நாடு அறிந்தது. தீபாவளி, பக்ரீத் வந்தால் கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கும். ஒவ்வொரு ஆடும் நாலு கால் முளைத்த தழை வண்டி. சம்பளம் கேட்காது, டீசல் குடிக்காது, கொட்ட இடம் கேட்காது. தின்றதைப் புழுக்கையாகத் திருப்பிக் கொடுக்கும். இந்த வண்டிகளுக்குத் தலைமையிடமாக இருக்கும் ஊரில் பச்சைத் தழையை வெட்டிச் சாலையோரம் எறிகிறோம். அதே சாலையில் ஆட்டுக்காரர்கள் தழை தேடித் தொரட்டுக்கோலோடு நடக்கிறார்கள். வெட்டுகிறவரும் தேடுகிறவரும் ஒருவரையொருவர் சந்தித்துவிடாமல் இவ்வளவு நாள் காப்பாற்றியிருப்பது சாதாரண ஏற்பாடு இல்லை.

நம்மாழ்வார் என்ற பெரியவர் ஒருவர் இருந்தார். சருகையும் தழையையும் அள்ளிச் செடியைச் சுற்றி மூடாக்கு போடுங்கள், ஈரம் காயாது, களை முளைக்காது, மண்புழு வரும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். 2013 டிசம்பரில் மறைந்தார். அவர் சொன்னதைக் கேட்டு நாம் மேடையில் கைதட்டினோம். அவர் படத்தை மாட்டினோம். படத்தின் மேல் சருகு விழாமல் பார்த்துக்கொண்டோம். மண்ணுக்கு வேண்டிய சத்தைக் கடையிலிருந்து மூட்டையாக வாங்கிக்கொண்டோம். 2015 முதல் நாட்டில் விற்கும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. தழைச்சத்து சீக்கிரம் கரைந்து வீணாகாமல் வேம்பு அதைப் பிடித்து வைக்குமாம். ஆகவே வாசலில் வேப்பஞ்சருகைக் கொளுத்திவிட்டு, வேம்பு பூசிய மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு மக்காச்சோளக் கொல்லைக்குப் போகிறோம். காலியான அந்த மூட்டையில்தான் அடுத்த மாசிக்குச் சருகைக் கட்டுவது. எதையும் வீணாக்காதவர்கள் நாம்.

ஊருக்கு ஊர் குப்பை பிரிக்கும் கொட்டகையும் உரத்தொட்டியும் கட்டியிருக்கிறார்களே, அங்கே என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். அங்கே சமையலறைக் கழிவு மட்டும் போகிறது. சோறும் காய்த்தோலும் தனியாகக் குவிந்தால் காற்றுப் புகாது. நீர் விட்டு, புழுத்து, நாறும். அதற்கு மாற்று, ஒரு அடுக்கு ஈரக் கழிவுக்கு மேல் ஓர் அடுக்கு காய்ந்த சருகு. நாற்றம் அடங்கும், உரமும் பொலபொலவென்று வரும். கொட்டகைக்குள்ளே சருகு இல்லாமல் நாற்றம். கொட்டகைக்கு வெளியே சருகு எரிந்து புகை. ஒன்றோடொன்று சேர்ந்தால் இரண்டும் போய்விடும். இரண்டு திட்டத்துக்கும் தனித்தனிக் கோப்பு இருக்கும்போது இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது நிர்வாக முறைக்கு ஒத்துவராது என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் தலபுராணத்தைப் படித்தால்தான் பழைய ஆட்களின் பொறுப்பின்மை முழுதாக விளங்கும். திருப்பணி செய்த கூலியாட்களுக்கு விபசித்து முனிவர் சம்பளமாகக் கொடுத்தது அங்கே நின்ற வன்னி மரத்தின் இலையைத்தானாம். உழைத்தவர் கைக்குப் போனதும், உழைப்புக்குத் தக்க அளவு அது பொன்னாக மாறியதாம். மாசி மகத்துக்கு வருகிற ஜனங்கள் இன்றும் அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வன்னியைச் சுற்றி வருகிறார்கள். 2016 விதிகளின்படி பார்த்தால் முனிவர் செய்தது குற்றம். தோட்டக் கழிவை வளாகத்துக்குள்ளேயே சேர்த்து வைக்காமல், உள்ளாட்சியின் உத்தரவும் பெறாமல், வெளியாட்கள் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதுவும் உழைத்தவர்க்கு உழைத்த அளவு கிடைக்கும்படி. இப்படி ஒரு முன்னுதாரணம் தூய்மைக் காவலர்கள் காதில் விழுந்தால் என்ன ஆவது?

வெளிநாட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2018-இல் மட்டும் புல், இலை, கிளை என்று ஏறத்தாழ மூன்றரைக் கோடி டன் சேர்ந்திருக்கிறது. அதில் பாதிக்கு மேல் உரமாகவும் மூடாக்காகவும் மாற்றிவிட்டார்கள். இலையைப் பழுப்புத் தாள் பையில் கட்டி வாசலில் வைப்பது அங்கே வழக்கம். வாரம் ஒருமுறை வந்த வண்டி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று குறைந்தால் போதும், மனு எழுதுகிறார்கள், நகரசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கிறார்கள். பொறுமை இல்லாத ஜனங்கள். நம் ஊராட்சிகளில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அதில் ஒன்று மார்ச் 22, சரியாகப் பங்குனிச் சருகு கொட்டும் சமயம். சருகு உச்சத்தில் இருக்கும்போதுதான் சபை கூடுகிறது. கொட்டகையில் சருகை வாங்கிக்கொள்ளுங்கள், மாசி பங்குனி இரண்டு மாதத்துக்கு மட்டும் வாரம் ஒரு டிராக்டர் விடுங்கள், உரத்தை விற்ற காசில் டீசல் போடுங்கள் என்று ஒருவர் எழுந்து சொன்னால் தீர்மானமாக எழுதியாக வேண்டும். அந்தச் சங்கடத்தை யாருக்கும் நாம் கொடுத்ததில்லை. போகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், டீயும் பிஸ்கட்டும் வாங்கிக்கொள்கிறோம், வீட்டுக்கு வந்து தீப்பெட்டியைத் தேடுகிறோம். அதிகாரிகளின் மனம் நோகாமல் நடந்துகொள்ளும் பண்பாடு இவ்வளவு ஆழமாக வேறு எந்த நாட்டில் வேரோடியிருக்கிறது?

இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு பாராட்டு விழா எடுப்பது நம் கடமை. இடம் பற்றிக் கவலையில்லை. பெரிய வேப்பமரம் நின்ற திடல் இப்போது சிமெண்டு பூசித் தயாராக இருக்கிறது. நிழல் இல்லாததால் பந்தலுக்கு வாடகை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். விதி எழுதியவர், வசூலிக்காதவர், வண்டியைச் சுருக்கியவர், கொளுத்தியவர், வாய்க்காலில் விட்டவர், மதில் தாண்டித் தள்ளியவர், மரத்தை வெட்டியவர், சபையில் வாய் திறக்காதவர் என்று வரிசையாக மேடை ஏற்றி, ஒவ்வொருவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும். தூய்மைக் காவலர் அம்மாளை மட்டும் அழைக்க முடியாது. விழா முடிந்ததும் கூட்டுவதற்கு ஆள் வேண்டும். மாலை வேண்டாம், பூவும் இலையும் உதிர்ந்து மேடை அசிங்கமாகிவிடும். பொன்னாடை பாலியஸ்டரில் நெய்தது, எத்தனை வருஷம் ஆனாலும் மக்காது. வீட்டுக்குப் போனதும் மக்காத குப்பைக் கூடையில் போட்டு வையுங்கள். மறுநாள் வண்டி வந்து, ஒரு வார்த்தை மறுக்காமல் ஏற்றிக்கொண்டு போகும்.